விழித்திரைக்கு அடியில் ரத்தக்கசிவு: ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின்

நான் திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருப்பவன், டாக்டர் இல்லை. வலது கண்ணில் விழித்திரைக்கு அடியில் ரத்தம் கசிந்து மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டேன். அதிலிருந்து, வீட்டில் யாருக்காவது இதே பிரச்சினை என்றால் என்னிடம் விசாரிக்க வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "பார்வை எப்போது திரும்பும்?" என்பதுதான். உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரிந்தால்தான் அதற்கான பதில் புரியும்.

கண்ணின் பின்பக்கம் ஒளியை உணரும் படலம்தான் விழித்திரை. அதன் நடுப்பகுதிக்கு மாக்குலா என்று பெயர். எழுத்து படிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, எதிரே வருபவர் யாரென்று பார்ப்பது எல்லாம் அதன் வேலை. அதற்கு அடியில் ரத்தம் தேங்கினால் ஒளியை உணரும் செல்களுக்கு ஊட்டம் போகாது. ரத்தத்தில் உள்ள இரும்பு அந்தச் செல்களைக் கெடுக்கும், உறைந்து சுருங்கும் ரத்தக்கட்டி அவற்றைப் பிய்க்கவும் செய்யும். இரண்டு வாரத்துக்குள் வந்துவிடுங்கள் என்று டாக்டர்கள் அவசரப்படுத்துவது இதனால்தான். ஆபரேஷனில் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியை எடுத்துவிட்டு, மிக மெல்லிய ஊசியால் டிபிஏ என்ற மருந்தை விழித்திரைக்கு அடியில் செலுத்துகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கப் போடும் அதே மருந்துதான். பிறகு கண்ணுக்குள் காற்றோ கேஸோ நிரப்புகிறார்கள். இளகிய ரத்தத்தை அது மாக்குலாவை விட்டுக் கீழே தள்ளிவிடும்.

ஆக, ரத்தம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கசிந்த குழாய் அங்கேயே இருக்கிறது. எனக்குக் குட்டிக் குட்டியாக வீங்கிய ரத்தக்குழாய்களால் வந்தது. பிசிவி என்று எழுதியிருந்தார்கள், ஆசியர்களிடம் இது அதிகமாம். வேறு சிலருக்கு வயதால் வரும் மாக்குலா சிதைவு, சிலருக்கு ரத்தக்கொதிப்போடு சேர்ந்து வரும் குழாய் வீக்கம், சிலருக்குக் கண்ணில் பட்ட அடி. பின்னால் வரும் சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது காரணத்தையும், உள்ளே வைத்த கேஸின் பெயரையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்படிப் படுப்பது என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்துச் செய்ய வேண்டாம், அவருக்கு வேறு ஆபரேஷனாக இருக்கலாம். சிலருக்குக் குப்புறப் படுக்கச் சொல்வார்கள், சிலருக்கு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்ளச் சொல்வார்கள். எத்தனை நாள், தினம் எத்தனை மணி நேரம், தூங்கும்போது எந்தப் பக்கம் என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். எல்லோருக்கும் பொதுவானது ஒன்று உண்டு: கேஸ் இருக்கும்வரை மல்லாந்து படுக்கக் கூடாது. கேஸ் மேலெழும்பி லென்ஸில் முட்டும், கண்புரை வளரும், கண் பிரஷரும் ஏறும்.

எனக்குச் சொன்னது குப்புறத்தான். சாதாரணத் தலையணையில் குப்புறப் படுத்தால் மூக்கு அமுங்கும், ஆபரேஷன் கண்ணிலும் அழுத்தம் விழும். ஆபரேஷனுக்கு முதல் நாளே கடைப் பையனிடம் சொல்லி ஒரு தலையணை தைக்க வைத்தேன். லாட வடிவம், ஒரு அடி அகலம், நாலு விரல் உயரம். நடுவில் முகம் இறங்கும் அளவு வெற்றிடம். இலவம்பஞ்சை இறுக்கித் திணிக்க வேண்டும், தளர்வாக இருந்தால் ஒரே ராத்திரியில் தட்டையாகிவிடும். மேலே பழைய வேட்டித் துணியில் உறை, தினம் மாற்றுகிற மாதிரி ஐந்தாறு. நெற்றியும் கன்ன எலும்பும் அதில் தாங்க வேண்டும், கண் எதிலும் படக் கூடாது. திறந்த பக்கம் வாய்ப் பக்கம் வந்தால் மூச்சு முட்டாது. நெஞ்சுக்கு அடியில் இன்னொரு தலையணை, கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. பகலில் இதையே மேஜை விளிம்பில் வைத்து நெற்றியைச் சாய்த்து உட்காரலாம். காபிக்கு ஸ்ட்ரா போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கொரு தரம் காலை மடக்கி நீட்டுங்கள், ஒரே நிலையில் கிடந்தால் காலில் ரத்தம் கட்டும். கழுத்து வலி வரத்தான் செய்யும், என்ன மாத்திரை போடலாம் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வெறும் காற்று ஒரு வாரம் வாக்கில் கரைந்துவிடும். எஸ்எஃப்6 என்ற கேஸ் என்றால் இரண்டு மூன்று வாரம், சி3எஃப்8 என்ற கேஸ் என்றால் ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை விமானம் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. மலையேறக் கூடாது என்பது பலருக்குத் தெரியவில்லை. என் மகள் கொடைக்கானலில் இருக்கிறாள். "இங்கே குளுகுளுன்னு இருக்கும், வந்து ரெஸ்ட் எடுங்கப்பா" என்றாள். வத்தலக்குண்டு தாண்டி மேலே போனால் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறையும், உள்ளே கேஸ் விரியும், கண் பிரஷர் தாறுமாறாக எகிறும். பார்வை நரம்பே போய்விடலாம். அதனால் அவள்தான் இறங்கி வந்தாள். வேறு ஏதாவது ஆபரேஷனுக்கோ பல் வைத்தியத்துக்கோ போக நேர்ந்தால் கண்ணில் கேஸ் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவும் அந்தக் குமிழை ஊத வைக்கும். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தால் கேஸ் போகும்வரை கழற்ற வேண்டாம்.

சொட்டு மருந்து பாட்டில்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நான் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் தடித்த நூல் கட்டி, ஒரு நாளைக்கு எத்தனை வேளையோ அத்தனை முடிச்சுப் போட்டேன். விரலால் தடவினாலே தெரியும். வேளை குறையும்போது ஒரு முடிச்சை வெட்டிவிடலாம். கையைக் கழுவி, கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு, பாட்டில் நுனி எங்கும் படாமல். கண்ணை மூடி மூக்கோரத்தை ஒரு நிமிஷம் லேசாக அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷம் இடைவெளி. கலங்கலான வெள்ளை மருந்தைக் குலுக்கிவிட்டுப் போட வேண்டும். சிவப்பு போய்விட்டது என்று நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

வலி கூடுவது, சிவப்பு அதிகமாவது, சீழ் வருவது, வாந்தியோடு கண்வலி, இருந்த பார்வை குறைவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள்.

இனி, பார்வை. கேஸ் நிறைந்திருக்கும்போது கை அசைவதுதான் தெரியும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பிறகு மேல்பக்கம் மெல்லத் தெளிய ஆரம்பிக்கும். குறுக்கே ஒரு கோடு, தலையை ஆட்டினால் கொத்தனாரின் ரசமட்டத்தில் இருக்கும் குமிழ் மாதிரி தளும்பும். கண்ணுக்குள் கேஸ் மேலே மிதந்தாலும் நமக்குப் பிம்பம் தலைகீழ், அதனால் கீழே இருப்பதாகத் தெரிகிறது. கோடு தினம் கொஞ்சம் இறங்கி, கடைசியில் ஒரு உருண்டைக் குமிழாகி, ஒரு நாள் காணாமல் போகும். அதே தலைகீழ்க் கணக்கில், கீழே தள்ளப்பட்ட ரத்தம் பார்வையின் மேல்பக்கத்தில் நிழலாகத் தெரியும். புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று பயந்துபோய் எனக்குப் போன் செய்கிறவர்கள் உண்டு. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அது கரையும்.

உண்மையான கணக்கு அதற்குப் பிறகுதான். மூன்று முதல் ஆறு மாதம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். எங்கே போய் நிற்கும் என்பது ரத்தம் எத்தனை நாள் கிடந்தது, எவ்வளவு தடிமன், அடியில் தழும்பு விழுந்ததா என்பதைப் பொறுத்தது. என் வலது கண் எதிரே காட்டும் விரல்களை எண்ணுவதில் தொடங்கி 6/36-ல் நிற்கிறது, அதாவது நல்ல கண் 36 மீட்டரில் படிக்கும் எழுத்தை நான் 6 மீட்டரில்தான் படிப்பேன். நடுவில் ஒரு மங்கல் அப்படியேதான் இருக்கிறது. ஆபரேஷன் கண்ணைத் தினமும் சோதித்து மனசைக் கெடுத்துக்கொள்வதில் பயனில்லை. வாரம் ஒரு முறை, அதே இடம், அதே வெளிச்சம், சுவரில் மாட்டிய தினசரி காலண்டர். தேதி தெரிகிறதா, கிழமை தெரிகிறதா, ராகுகாலம் போட்டிருக்கும் பொடி எழுத்து தெரிகிறதா என்று எழுதி வையுங்கள். கூடிவந்த பார்வை சில மாதம் கழித்துப் புகைமூட்டமாக மங்கினால் புரையாக இருக்கலாம். ஐம்பது தாண்டியவர்களுக்கு இந்த ஆபரேஷனுக்குப் பின் அது சீக்கிரம் வளரும், எடுத்துவிடலாம். ஆனால் அது புரைதானா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். கண்ணாடி நம்பரை அவர் சொல்லும்போது மாற்றினால் போதும்.

பலர் தடுக்கி விழுவது கசிவை அடக்கக் கண்ணுக்குள் போடும் ஊசியில்தான். அவாஸ்டின், லூசென்டிஸ், ஐலியா என்று பல பெயர்கள், விலையும் ஏகத்துக்கு வித்தியாசம். புதிதாக முளைத்த ரத்தக்குழாய் கசிந்து வந்த நோய் என்றால் ஆரம்பத்தில் மாதாமாதம் போட்டு, பிறகு விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் பார்த்து இடைவெளியைக் கூட்டுவார்கள். "ஆபரேஷனே பண்ணியாச்சு, இன்னும் எதுக்கு ஊசி?" என்று நிறுத்தியவர்களுக்கு மறுபடி கசிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேனில் நீர் இல்லை என்று டாக்டர் சந்தோஷப்படுவார், நமக்கோ எழுத்து தெரியாது. இரண்டும் வேறு வேறு. ஊசி, மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றும், தழும்பை அழிக்காது. செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள், விலை குறைந்த மருந்து உண்டு. ரத்தக்கொதிப்பைக் கட்டுக்குள் வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க இதய டாக்டர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பீடி, சிகரெட் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு கண் மங்கினால் தூரக் கணக்கு தவறும். டம்ளருக்கு வெளியே டீ ஊற்றுவோம். பாத்திரத்தின் மூக்கை டம்ளர் விளிம்பில் தொட வைத்து ஊற்றினால் சிந்தாது. படி இறங்கும்போது கைப்பிடி. ரோட்டைக் கடக்கும்போது மங்கிய பக்கம் தலையை முழுசாகத் திருப்பிப் பாருங்கள். பைக்கை டாக்டர் சொன்ன பிறகு எடுக்கலாம். எவர்சில்வர் தட்டில் தயிர்சாதம் தெரியாது, வாழை இலையில் தெரியும். நான் இப்போது கறுப்புத் துணிக்குக் கீழே வெள்ளைத் தாள் விரித்துத்தான் வெட்டுகிறேன். விளக்கு நேர் எதிரே வேண்டாம், தோளுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கட்டும். நூல் கோர்க்க, சின்னக் கம்பி வளையம் ஒன்று தையல் சாமான் கடையில் கிடைக்கும். கௌரவம் பார்க்க வேண்டாம்.

இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போனவர்கள் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்த்துப் பழகலாம். பெரிய கண் ஆஸ்பத்திரிகளில் குறைபார்வைப் பிரிவு இருக்கிறது, அங்கே சொல்லித்தருவார்கள். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு இல்லாத பூக்களும் ஆட்களும் தெரிவதுண்டு. அதற்கு சார்ல்ஸ் போனே சிண்ட்ரோம் என்று பெயர். புத்தி பேதலிக்கவில்லை, பேயும் இல்லை. பெரியவர்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்ல மாட்டார்கள், நீங்களே கேளுங்கள்.

கடைசியாக, நல்ல கண். அதைத் தினமும் பாருங்கள். ஆம்ஸ்லர் கட்டம் என்று, சின்னச் சின்னக் கட்டமாகக் கோடு போட்டு நடுவில் புள்ளி வைத்த ஒரு தாள் ஆஸ்பத்திரியில் தருவார்கள். படிக்கும் கண்ணாடி போட்டு, கெட்ட கண்ணை மூடி, ஒரு அடி தூரத்தில் பிடித்து நடுப்புள்ளியையே பாருங்கள். எனக்கு நோயைக் காட்டிக்கொடுத்தது கட்டம் போட்ட சட்டைத் துணிதான், நேர்க்கோடு நடுவில் வளைந்தது. தாள் இல்லையென்றால் அப்படி ஒரு துணியோ பாத்ரூம் டைல்ஸோ போதும். கோடு வளைந்தாலோ ஒரு கட்டம் காணாமல் போனாலோ விழித்திரை டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே பஸ் ஏறுங்கள், பழைய ஸ்கேன் பிரிண்டைக் கையில் எடுத்துக்கொண்டு.