கர்த்தருக்குப் பயந்தவன் விட்டுச்சென்ற கடன்: வீட்டாரின் நாளைய தேவைக்குத் திட்டமிடுவது எப்படி?

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசியான எலிசாவிடம் வந்து முறையிடும் விதவையின் கணவன் தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவன். அவன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன் என்று அவளே சாட்சி சொல்கிறாள். ஆனாலும் அவன் இறந்த பின் கடன் கொடுத்தவன் வந்து, அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ளப் பார்க்கிறான். அவள் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரு குடம் எண்ணெய் பெருகிய அற்புதத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். எண்ணெயை விற்று, முதலில் கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு ஜீவனம் பண்ணுங்கள் என்று எலிசா சொன்ன வரிசையைத்தான் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம்.

நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்ற மத்தேயு 6:34ஐக் காட்டிச் சேமிப்பையே அவிசுவாசம் என்று கருதுவோர், யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிப்பது நல்லது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாகக் கிடைத்த மன்னாவை, மற்ற நாட்களில் சொல்லை மீறி விடியற்காலம்வரை வைத்தபோது அது பூச்சி பிடித்து நாறியது. ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து, ஓய்வுநாளின் தேவைக்கென்று எடுத்துவைத்த அதே மன்னா கெடாமல் இருந்தது. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால், திட்டமிடலாமா என்ற கேள்விக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

கணவனும் மனைவியும் ஒரு மாலை நேரத்தில் ஜெபித்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்காருங்கள். முதல் பக்கத்தில் கடன்களை மட்டும் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு மீதி, என்ன வட்டி, எப்போது முடியும். நண்பருக்காகவோ உறவினருக்காகவோ போட்ட ஜாமீன் கையெழுத்துகளையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். பெரும்பாலும் மனைவிக்குத் தெரியாமல் இருப்பது இதுதான், நீதிமொழிகள் 22:26, 27 எச்சரிப்பதும் இதைப் பற்றித்தான். எல்லாக் கடன்களுக்கும் மாதத் தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டு, கையில் மிஞ்சுவதை வட்டி அதிகமுள்ள கடனில் போட்டு அதை முதலில் அடைத்துவிடுங்கள்.

அடுத்தது அவசரகாலச் சேமிப்பு. வேலை போனாலோ நோய் வந்தாலோ மீண்டும் கடனுக்குள் விழாமல் இருக்க, மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணம் எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். எகிப்தில் யோசேப்பு, வரப்போகும் பஞ்சத்துக்கென்று, விளைச்சல் மிகுந்த ஏழு ஆண்டுகளிலும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவைத்தான். வருமானம் சீராக இல்லாதவர்கள் இதையே பின்பற்றி, நன்றாகச் சம்பாதித்த மாதத்தில் செலவுக்கு முன்பே ஒரு பங்கை ஒதுக்கிவிடலாம்.

ஆயுள் காப்பீடு என்றதும் சிலருக்கு உள்ளம் உறுத்துகிறது. 1740களில் ஸ்காட்லாந்தில் ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரண்டு போதகர்கள், கணித அறிஞர் காலின் மெக்லாரினின் துணையோடு, ஆண்டுக்கு எத்தனை போதகர்கள் இறப்பார்கள், எத்தனை விதவைகளும் அநாதைகளும் மிஞ்சுவார்கள் என்று கணக்கிட்டு, அந்தக் குடும்பங்களைத் தாங்க ஒரு நிதியை அமைத்தார்கள் என்பதை அப்படி உறுத்தப்படுவோர் அறிந்தால் உறுத்தல் சற்றுக் குறையக்கூடும். எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இளைய பிள்ளைக்கு இப்போது 8 வயது, 22 வயதில் சம்பாதிக்கத் தொடங்கும் என்றால், ஓர் ஆண்டுச் செலவை 14ஆல் பெருக்கி, மீதமுள்ள கடனைக் கூட்டி, இருக்கும் சேமிப்பைக் கழியுங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் வீட்டுச் செலவு ஏறத்தாழ 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும் என்பதால், கிடைக்கும் தொகையை அதற்கு ஈடாக வளரும் இடத்தில் போட்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். சேமிப்பையும் காப்பீட்டையும் கலந்து தரும் பாலிசிகளைவிட, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பாதுகாப்பளிக்கும் டேர்ம் பாலிசி அதே பிரீமியத்துக்கு மிக அதிகத் தொகைக்குக் காப்பளிக்கிறது. ஆகவே அதையே பரிந்துரைக்கிறேன்.

உயில் எழுதுவதை அபசகுனமாக நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். சிலுவையில் தொங்கிய நிலையிலும் இயேசு தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தார். பெற்றோர் இருவரும் இல்லாமல் போனால் பிள்ளைகளை வளர்ப்பவர் யார் என்பதையும், அவருடைய சம்மதத்தை முன்பே கேட்டறிந்த பின், உயிலில் எழுதுங்கள். சாட்சிகள், பதிவு ஆகியவற்றை அந்தந்த நாட்டின் சட்டப்படி ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

காணிக்கைக்கும் வயதான பெற்றோருக்கும் ஆகும் செலவைத் தனித்தனியே குறித்துவையுங்கள். தேவனுக்குக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கடிந்துகொண்டார். ஆகவே ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைக்க இடமில்லை. இன்னொரு வரியையும் எழுதுங்கள்: எவ்வளவு சேர்ந்தால் போதும்? லூக்கா 12ஆம் அதிகாரத்து ஐசுவரியவான் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட யோசித்தபோது இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்கவில்லை. அந்தத் தொகையைத் தாண்டி வருவது யாருக்குப் போகும் என்பதை, பணம் வருவதற்கு முன்பே இருவரும் பேசி முடிவு செய்துகொள்வது எளிது. வந்த பிறகு கடினம்.

ஆண்டுக்கு ஒருமுறை, புத்தாண்டு ஆராதனை முடிந்த வாரத்தில், நோட்டைத் திறந்து திருத்துங்கள். அப்போது கணக்கு பார்த்துவருபவர் எழுந்து வெளியே போய்விட்டு, மற்றவர் தனியாகவே பாலிசி, வங்கிக் கணக்கு விவரம், உயில் ஆகியவற்றைக் கண்டெடுக்கட்டும். அரை மணி நேரத்தில் எது கைக்கு அகப்படவில்லையோ, அதை மறுநாளே ஒழுங்குபடுத்திவிடுங்கள்.