அமெரிக்காவில் மருந்து வாங்கும்போது இன்சூரன்ஸில் போடுவதா, கைக்காசா?

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதற்காக எல்லா மருந்தையும் அதில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பல ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாமல் வரும் அதே மருந்து) மாத்திரைகளுக்கு, இன்சூரன்ஸில் வாங்கும்போது நாம் கட்டும் பங்கான கோபேயை விடக் கைக்காசு விலை குறைவாக இருக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் தனியாகக் கணக்குப் பார்ப்பதே நல்லது.

1. டாக்டரிடம் இருக்கும்போதே ஜெனரிக் கிடைக்குமா என்று கேளுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, மாத்திரையா கேப்சூலா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதில் ஒன்று மாறினாலும் விலை மாறலாம்.

2. இன்சூரன்ஸ் கணக்கில் நுழைந்து, ஃபார்முலரி என்ற மருந்துப் பட்டியலில் தேடுங்கள். இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் வருடத்தில் நாம் கட்ட வேண்டிய தொகையான டிடக்டிபிளில் இன்னும் எவ்வளவு பாக்கி என்றும் பாருங்கள். பல திட்டங்களில் அது முடியும்வரை முழுச் செலவும் நம் தலையில்தான்.

3. அப்புறம் வெளி விலை. குட்ஆர்எக்ஸ், சிங்கிள்கேர் போன்ற இணையதளங்களில் இலவசத் தள்ளுபடிக் கூப்பன் கிடைக்கும். ஒரே மருந்துக்குக் கடைக்குக் கடை விலை வேறுபடும், நாலைந்து கடையாவது பாருங்கள். 2022-இல் தொடங்கிய காஸ்ட் பிளஸ் டிரக்ஸ் என்ற ஆன்லைன் மருந்துக்கடை, கொள்முதல் விலைக்கு மேல் 15 சதவீதமும் ஃபார்மசி, தபால் கட்டணமும் சேர்த்து வீட்டுக்கே அனுப்பும்.

4. கவுண்டரில், பணம் கட்டும் முன், "இன்சூரன்ஸில் போட்டால் எவ்வளவு, போடாவிட்டால் எவ்வளவு?" என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம். முன்பு சில ஒப்பந்தங்கள், கைக்காசில் மலிவு என்று சொல்லவிடாமல் ஃபார்மசிஸ்டின் வாயைக் கட்டிப்போட்டிருந்தன. 2018-இல் வந்த சட்டங்கள் அந்தத் தடையை நீக்கிவிட்டன.

5. இப்போது முடிவு. கூப்பனையும் இன்சூரன்ஸையும் ஒரே பில்லில் சேர்த்துப் போட முடியாது. கூப்பனில் கட்டிய பணம் பெரும்பாலும் டிடக்டிபிளில் சேராது. உதாரணமாக, கோபே 15 டாலர், கூப்பன் விலை 9 டாலர், ஒரு வாரத்து ஆன்டிபயாடிக் என்றால் கூப்பனே போதும். மாதாமாதம் நூற்றுக்கணக்கில் விழுங்கும் மருந்தாக இருந்தால், இன்று சில டாலர் கூடினாலும் இன்சூரன்ஸில் போடுங்கள்; நாம் கையிலிருந்து கட்டும் தொகைக்கான வருட உச்சவரம்பை எட்டியதும், பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு மேற்கொண்டு கட்ட வேண்டியிராது. அப்பா அம்மாவுக்கு மெடிகேர் பார்ட் டி (முதியோருக்கான அரசு இன்சூரன்ஸின் மருந்துப் பகுதி) இருந்தால் அந்த வரம்பு 2026-இல் 2,100 டாலர். அவர்கள் இன்சுலின் போடுபவர்களா? திட்டத்தில் உள்ள இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் கட்ட வேண்டியதில்லை, அதற்குக் கூப்பன் தேடி அலைய வேண்டாம்.

விலைக்காகக் கடை மாறினால், சாப்பிடும் எல்லா மருந்தையும் புதுக் கடையில் சொல்லிவிடுங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளாத மருந்துகளைக் கவனித்துத் தடுப்பது ஃபார்மசிஸ்ட்தான். பட்டியல் முழுதாக இருந்தால்தான் அவரால் அது முடியும்.