ஏரிக்கரையில் செடி பார்க்கக் கூட்டமாகப் போகிறீர்களா?

மழை வெளுத்துக் கட்டும் நவம்பரில் புதுச்சேரிப் பக்கத்து ஊசுட்டேரிக்கோ பாகூர் ஏரிக்கோ செடி பார்க்க ஆள் சேர்ப்பதுதான் முதல் தவறு. கரையோரப் புல்வெளியில் பாதி நீருக்கடியில் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் வடியும் தை, மாசியில் போனால் ஈரம் காயாத மண்ணில் பூவும் காயுமாகப் பார்க்கலாம்.

கூட்டத்தில் பெரிய தொல்லை முந்திரிக்கொட்டைகள்தாம். ஒருவர் "பொன்னாங்கண்ணி!" என்று கூவுவார், மற்றவர்கள் குனிந்துகூடப் பார்க்காமல் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பெயர் கடைசியில் வரட்டும், முதலில் கணுவைப் பாருங்கள். பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூக்கொத்து, இலையும் தண்டும் சேரும் இடத்தில் காம்பே இல்லாமல் ஒட்டியிருக்கும். அதேபோன்ற பூக்கொத்து நீண்ட காம்பின் நுனியில் நின்றால், அது பெரும்பாலும் தென்னமெரிக்காவிலிருந்து வந்து நீர்நிலைகளை அடைக்கும் அதன் பங்காளிக் களை. இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏமாற்றும்.

இலையை நம்பி வல்லாரையிலும் ஏமாறுவார்கள். எலிக்காதிலையும் அப்படித்தான் வட்ட இலையோடு தரையில் படரும். ஆனால் அதற்குக் கண்ணில் படும் மஞ்சள் பூ. வல்லாரையின் பூவோ இலைக்கடியில் ஒளிந்திருக்கும் சிவந்த பொடிப்பூ. ஆரைக்கீரைக்கு நான்கு சிற்றிலை, புளியாரைக்கு மூன்று. ஆரையில் பூவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது பெரணி இனம், பூக்காது.

மெலிந்து நீண்டதெல்லாம் புல் என்று எழுதிவிடுவதும் உண்டு. தண்டை விரல்களுக்கிடையே உருட்டுங்கள். கோரை என்றால் பெரும்பாலும் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டு, கணுக்களோடு இருக்கும். உருண்டைத் தண்டுக் கோரைகளும் இருப்பதால் கணுவையும் பார்த்துவிடுவது நல்லது.

பூவை மட்டும் படமெடுத்து வந்து மாலையில் பெயர் கேட்பவர்களுக்கு யாராலும் உதவ முடியாது. இலையின் அடிப்புறம், தண்டு, காய், செடி நின்ற இடம் எல்லாம் படத்தில் வேண்டும்.

பிடுங்குவது அறவே கூடாது. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008 முதல் பறவைகள் சரணாலயம். கரிசலாங்கண்ணியைக் கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுப்பதைக் காட்ட வேண்டுமா, ஊர் வயல் வரப்பில் ஓர் இலையோடு முடித்துக்கொள்ளுங்கள். சமையலுக்கென்று அள்ளுவதும் வேண்டாம். கழிவுநீர் கலக்கும் வாய்க்கால் ஓரத்துக் கீரை உணவுக்கு ஆகாது.

ரப்பர் செருப்போடு வருபவரைக் கரையிலேயே நிறுத்திவிடுங்கள். நீர்முள்ளியின் கணுவைச் சுற்றி நிற்கும் நீண்ட முள் அதைத் துளைத்துவிடும்.