சுகர் இருக்குற வீட்டுல மறதி வராம பாத்துக்க என்ன பண்ணலாம்

எங்கம்மாவுக்கு 20 வருஷமா சுகர். போன வருஷம் ஒருநாள் ரசத்துக்கு புளிய கரைச்சு கையில வச்சுக்கிட்டு, எதுக்கு கரைச்சோம்னே தெரியாம அடுப்பு பக்கத்துல அப்படியே நின்னுட்டாங்க, எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட கேட்டது, தேடிப் படிச்சது, வீட்டுல செஞ்சு பாத்தது தான் இதெல்லாம்.

மறதின்னதும் அல்சைமர்னு, அதான் மூளை கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போற மறதி நோய்னு, முடிவு பண்ணிடாதீங்க. மெட்ஃபார்மின் மாத்திரை வருஷக்கணக்கா போடுறவங்க நிறைய பேருக்கு பி12 வைட்டமின் குறைஞ்சுடும், அது குறைஞ்சாலே மறதியும் தடுமாற்றமும் வரும். தைராய்டும் அப்படித்தான். ரெண்டையும் டெஸ்ட் எடுத்துப் பாருங்க. அம்மாவுக்கு பி12 ரொம்ப கம்மி, ஊசி போட்டப்புறம் நல்லாவே தெளிஞ்சாங்க. அதுக்காக மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க.

ஆனா சுகருக்கும் அல்சைமருக்கும் தொடர்பு இருக்குறது நிஜம். மூளை நம்ம எடையில 2 சதவீதம் தான், உடம்போட சக்தியில சுமார் 20 சதவீதத்த அதுவே இழுத்துக்குது, அதனால இன்சுலின் கோளாறு அங்கயும் போய் அடிக்கும், சின்ன ரத்தக்குழாயும் கெடும். அல்சைமர்ல மூளையில படியுற அமிலாய்டு புரதத்த உடைக்கிற ஒரு என்சைம் தான் இன்சுலினையும் உடைக்குது, இன்சுலின் எப்பவும் எகிறியே இருந்தா அந்த என்சைம் அதுலயே மாட்டிக்குதோன்னு ஆராய்ச்சி பண்றவங்க சந்தேகப்படுறாங்க. 2024ல லான்செட் மருத்துவ இதழோட நிபுணர் குழு (லான்செட் கமிஷன்), மறதி நோய் வர்றதுக்கு நாம மாத்தக்கூடிய காரணங்கள்னு போட்ட 14ல சுகர், பிபி, கெட்ட கொலஸ்ட்ரால், உடல் பருமன் நாலுமே இருக்கு, அதுவும் நடுவயசுலயே பாக்க வேண்டியதா. அதனால அம்மாவுக்கு மட்டும் இல்ல, 40 தாண்டின நமக்கும் இதே சாப்பாடு தான்.

சாதத்த ஒரேயடியா நிறுத்தாதீங்க, ரெண்டு நாள் கூட தாங்காது. அம்மாவுக்கு சாம்பார், ரசம், மோர்னு மூணு ரவுண்டு போனாத்தான் சாப்பிட்ட மாதிரியே இருக்கும். மூணையும் விட்டுவச்சேன், ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்னக் கரண்டி சாதம் தான். தட்டுல முதல்ல பொரியலும் கூட்டும் சுண்டலும், அது பாதி காலியானப்புறம் தான் சாதம் வைப்பேன். காய முதல்ல சாப்பிட்டா சுகர் சட்டுனு ஏறாது. வாரத்துல ரெண்டு நாள் மத்தி மீன் குழம்பு, தினம் கீரை. சாயங்கால டீயோட பிஸ்கட்டுக்கு பதிலா ஒரு கைப்பிடி வேர்க்கடலை. கேழ்வரகு தானேன்னு கஞ்சியா காய்ச்சிக் குடுக்காதீங்க, அதுவும் வேகமா ஏத்தும். சாப்பிட்டதும் ஒரு 15 நிமிஷம் நடக்க வைங்க.

சாப்பாடு மட்டும் போதும்னு நினைக்காதீங்க. மூளைக்குன்னே உருவாக்கின மைண்ட் டயட்ட 3 வருஷம் சோதிச்சு 2023ல ரிசல்ட் வந்துச்சு, பெருசா வித்தியாசம் தெரியல. ஆனா பின்லாந்துல சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிபி சுகர் கண்காணிப்புன்னு எல்லாத்தையும் சேத்து 2 வருஷம் செஞ்சவங்களுக்கு பலன் இருந்துச்சு, 2015ல வெளியான ஆய்வு அது. அம்மா இப்ப தினமும் பேரனோட பல்லாங்குழி ஆடுறாங்க.

இன்னொண்ணு, வயசானவங்களுக்கு சுகர ரொம்ப இறக்கவும் கூடாது, அடிக்கடி லோ சுகர் ஆனா அதுவும் மூளைக்கு கெடுதல். சாதத்த குறைக்கும்போது மருந்து அளவ மாத்தணுமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க. வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினா உடனே மெஷின்ல பாருங்க, 70க்கு கீழ இருந்தா 3 டீஸ்பூன் சர்க்கரைய தண்ணியில கரைச்சு குடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108க்கு போன் பண்ணுங்க.