செஞ்சிக்கு ஒரு நாள், வாடகைக் காரில்: காசும் நேரமும் கரையும் இடங்கள்

சென்னையிலிருந்து செஞ்சிக் கோட்டைக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும், காரை நாமே ஓட்ட வேண்டும், செலவும் கைக்கு அடங்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து நடக்கக்கூடியதுதான். ஆனால் பலர் முதல் படியிலேயே கணக்கைத் தவற விடுகிறார்கள். செயலியில் தெரியும் வாடகையையே பயணச் செலவு என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 மணி நேரத்துக்கு 2,000 ரூபாய், 250 கிலோமீட்டர் வரை இலவசம், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று ஒரு கார் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகரின் நடுவிலிருந்து செஞ்சி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். போய்வர 320, கார் எடுக்கவும் விடவும் அலைவதோடு 340. கூடுதல் 90 கிலோமீட்டருக்கு மட்டும் 1,080 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தாலும் 23 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி இருக்கும்போது அது 2,300. ஆக 2,000 ரூபாய் கார், டோல்கேட்டைச் சேர்க்காமலே 5,400 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் கட்டுப்படியாகும். இரண்டு பேர்தான் என்றால் கிளாம்பாக்கத்திலிருந்து செஞ்சி வழியாகப் போகும் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறுங்கள் என்றே சொல்வேன்.

வாடகை குறைவு என்பதற்காக வெள்ளை நம்பர் பிளேட் காரை எடுப்பது அடுத்த தவறு, இருப்பதிலேயே பெரிய தவறும் அதுதான். நாமே ஓட்டுவதற்கென்று உரிமம் பெற்ற வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் தன் சொந்தக் காரைக் காசுக்குத் தருகிறார் என்றால், விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க இடமிருக்கிறது. சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக யாரும் அந்த நிலையில் மாட்டக் கூடாது. அதேபோல, யார் பெயரில், யார் லைசென்ஸில் பதிவு செய்தோமோ அவர்தான் ஓட்ட வேண்டும். களைப்பாக இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுப்பதாக இருந்தால், அவர் பெயரையும் முன்கூட்டியே சேர்க்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

காரை வாங்கும் பத்து நிமிடம்தான் டெபாசிட் முழுதாகத் திரும்புமா என்பதை முடிவு செய்கிறது. ஒருமுறை விடியற்காலை இருட்டில் அவசரமாகச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மாலையில் பின் பம்பரின் அடியில் இருந்த கீறலைக் காட்டி டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள். அது பழைய கீறல் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். காட்டுவதற்குத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து போன் வெளிச்சத்தை அடித்தாவது காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுக்காமல் கிளம்புவதில்லை. நான்கு பக்கமும், சக்கரத்தின் விளிம்புகள், கண்ணாடி, சீட், கடைசியில் கிலோமீட்டர் எண்ணும் பெட்ரோல் முள்ளும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். எந்த அளவில் பெட்ரோல் வாங்கினோமோ அதே அளவில் திருப்பினால் போதும் என்றால், அதற்கு மேல் டேங்கை நிரப்பிக் கொடுப்பது வீண் செலவு.

ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா, அதை யார் போட வேண்டும் என்பதையும் அங்கேயே கேளுங்கள். செங்கல்பட்டுக்கு முன்னால் பரனூர், அதைத் தாண்டி ஆத்தூர் என்று திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு டோல்கேட். டேக் வேலை செய்யாவிட்டால் வழக்கமான கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ.யில் கட்டினால் 1.25 மடங்கு. பல வாடகைக் கார்களில் ஜி.பி.எஸ். கருவியும் இருக்கும். வேகம் தாண்டினால் நிறுவனம் போடும் அபராதம் தனி, போலீஸ் சலான் தனி.

இவ்வளவையும் சரியாகச் செய்தவர்கள்கூடக் கோட்டைவிடுவது நேரத்தில். வழியில் வேடந்தாங்கல், அப்படியே மேல்மலையனூர், திரும்பும்போது பாண்டிச்சேரி என்று பட்டியல் நீளும். தூரக் கட்டணம் ஏறுவது ஒருபுறம். செஞ்சியே கைநழுவுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை இது. பிறகு மொகலாயப் படை ஏறத்தாழ எட்டு ஆண்டு முற்றுகையிட்டு 1698இல்தான் பிடித்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். கோட்டையின் முக்கிய மலையான ராஜகிரியில் ஏற மட்டும் சாதாரண நடையில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறைப் பிளவைக் கடக்கும் அந்தச் சிறிய பாலத்தில் நின்று பார்த்தால்தான் எதிரி ஏன் திணறினான் என்பது புரியும். பிற்பகலில் ஒரு நேரத்துக்குமேல் மலையேற விடமாட்டார்கள். பதினோரு மணிக்கு வந்து சேர்பவர்கள் கொதிக்கும் பாறையில் பாதி தூரம் ஏறிவிட்டுத் திரும்புவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

அதனால் முந்தின நாள் இரவே காரை எடுத்துவிடுங்கள். 24 மணி நேரக் கணக்குக்கு இரவு ஒன்பதுக்கு எடுத்தால் மறுநாள் இரவு ஒன்பது வரை நேரம் இருக்கிறது. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் தாம்பரம், சிங்கப்பெருமாள்கோவில் நெரிசலுக்கு முன் தாண்டி, கோட்டை திறக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்கலாம். காலையில் ராஜகிரி. இறங்கியபின் கல்யாண மகால், களஞ்சியம், வேங்கடரமணர் கோயில். கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரியை அடுத்த முறைக்கு வையுங்கள். புளிசோறும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு போனால் நெடுஞ்சாலை ஓட்டல் செலவு மிச்சம். ஆனால் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டு மலை ஏறாதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், அதுவும் பைக்குள்ளே.

இரண்டு மணிக்கு மேல் செஞ்சியில் நிற்க வேண்டாம். ஞாயிறு மாலை தென்மாவட்டத்திலிருந்து திரும்பும் வண்டிகள் எல்லாம் பரனூரில் வந்து சேரும். அங்கே போகும் ஒரு மணி நேரம் காரைத் தாமதமாக விடும் கட்டணமாக மாறும். முடிந்தால் சனிக்கிழமை போங்கள். காரைத் திருப்பும்போது மறுபடி அதே வீடியோ, அதே முள், அதே எண். டெபாசிட் எந்தத் தேதிக்குள் வரும் என்பதை வாய்வார்த்தையாக விடாமல், அவர்கள் போனிலிருந்து ஒரு வரி மெசேஜாக வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.