பறக்கும் செம்பருந்தையும் வீட்டு விளையில் (தோட்டத்தில்) தட்டான்பூச்சியையும் படம் பிடிப்பது எப்படி?

குமரி மாவட்டத் தேரூர் குளக்கரையில் ஒரு செம்பருந்து, ஊரில் கருடன் என்போமே அதுதான், தலைக்கு மேலே வட்டமிட்டது. நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், வானத்தில் எடுத்ததெல்லாம் கரிக்கட்டை. தென்னைக்கு முன்னால் பறந்தபோது எடுத்ததில் வெள்ளைத் தலை சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துக் கிடந்தது. அதைச் சரிசெய்யப் பல நாள் அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. காற்றைப் பாருங்கள்

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பறவை எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வீசும். அப்போது காலையில் போனால் வெளிச்சம் வாலில்தான் விழும். மாலையில் மேற்குக் கரையில் நின்றால் பறவை உங்களைப் பார்த்தே வரும். மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று. அப்போது காலையில் கிழக்குக் கரை. 2022இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு மீசை ஆலா போன்ற வலசைப் பறவைகள் வரும் காலமும் அதுதான்.

2. கேமரா அமைப்பு

பறவை நகர நகரக் கூடவே நகரும் தொடர் ஃபோகஸ் (கேனானில் ஏஐ சர்வோ, நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி), தொடர் ஷாட். ஷட்டர் 1/2000 நொடி. கூழைக்கடாவுக்கு 1/1000 போதும்; ஆலாவுக்கு 1/2500 வையுங்கள்.

3. வெளிச்சத்தைப் பூட்டுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டிருந்தேன். பளிச்சென்ற வானத்தைப் பார்த்ததும் கேமரா ஐஎஸ்ஓவைக் குறைத்துவிடும், பருந்து கறுத்துப்போகும். இருண்ட தென்னந்தோப்பைப் பார்த்ததும் கூட்டிவிடும், தலை வெளுத்துப்போகும். பருந்து மேல் விழும் வெயில் மட்டும் மாறவே இல்லை!

எனவே மேனுவல் மோடு, ஐஎஸ்ஓவும் நீங்களே வைப்பது. அதே வெயில் படும் கரைப் புல்லை ஃபிரேம் நிறைய வைத்து, மீட்டர் (வெளிச்ச அளவைக் காட்டும் கோடு) நடுவில் நிற்கும்படி செய்யுங்கள். காலை ஏழரை மணி வெயிலில் எனக்கு 1/2000, லென்ஸ் துளை எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800 சரியாக வரும். வெள்ளைத் தலைக்காக அதிலிருந்து மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள் (வெளிச்சம் இரட்டிப்பாவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்). அப்புறம் பருந்து வானத்துக்குப் போனாலும் தோப்புக்கு வந்தாலும் எதையும் தொடாதீர்கள். மேகம் மறைத்தால் மட்டும் மறுபடியும் புல்லைப் பாருங்கள். இப்போது தலையில் இறகு இறகாகத் தெரியும். மார்பில் இறங்கும் மெல்லிய கறுப்புக் கோடுகளும்கூட.

4. வீட்டு விளைக்கு வாருங்கள்

பூச்சிக்கு மேக்ரோ லென்ஸ் (மிக நெருங்கி எடுக்கும் லென்ஸ்) வாங்க ஓட வேண்டாம். கையிலிருக்கும் 50 மி.மீ. லென்ஸோடு எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய்) போதும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, லென்ஸ் வளையத்தைத் திருகாமல் உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக் கண்ணில் ஃபோகஸ் பிடியுங்கள். எஃப் 11, ஷட்டர் 1/200, ஃபிளாஷ். ஃபிளாஷுக்கு முன்னால் பட்டர் பேப்பர் கட்டாயம். அது இல்லாவிட்டால் தட்டான் கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும்.

தட்டான் பறந்துவிட்டால் துரத்தாதீர்கள். பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வந்து உட்காரும். விடியற்காலையில் இன்னும் எளிது: உடல் சூடேறும்வரை அசையாது, சிறகில் பனித்துளி நிற்கும். பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மயங்கவைத்துப் படமெடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பறவைக் கூட்டுக்கு முன்னால் இருக்கும் கிளையை ஒடிப்பதும் அப்படித்தான்.

பின்சேர்க்கை

"குமரி மாவட்டப் புத்தளம் உப்பளத்தில் புல்லே இல்லையே, எதைப் பார்த்து மீட்டர் வைப்பது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். உங்கள் உள்ளங்கையை வெயிலில் நீட்டுங்கள். அது புல்லைவிட வெளிர், ஆகவே மீட்டர் ஒரு ஸ்டாப் கூடுதலாகக் காட்டும்படி வையுங்கள். இன்னொருவருக்குத் தட்டான் படத்தில் பெரும்பகுதி கறுப்பாக வருகிறதாம். பருந்துக்கு வைத்த 1/2000 அப்படியே இருந்திருக்கும். ஷட்டர் அவ்வளவு வேகமானால் ஃபிளாஷ் வெளிச்சம் படம் முழுக்க விழாது. ஃபிளாஷ் போடும்போது 1/200க்கு இறக்கிவிடுங்கள்.