குல்மார்க்கில் பனிச்சறுக்கு: முன்னறிவிப்பையும் பனியையும் படிக்கும் முறை

காஷ்மீரின் குல்மார்க்கில் பனி எப்படி என்று செல்பேசியில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயரை மட்டும் தட்டுகிறார்கள். திரையில் வரும் வெப்பநிலை எந்த உயரத்துக்கானது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஓட்டல்களும் கோல்ஃப் மைதானமும் இருக்கும் புல்வெளி 2,650 மீட்டரில் இருக்கிறது. கோண்டோலா என்னும் கம்பிவட வண்டியின் முதல் கட்டம் முடியும் கொங்டூரி சுமார் 3,100 மீட்டர். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோளில், சுமார் 3,950 மீட்டரில் இறக்கிவிடும். நூறு மீட்டர் ஏறினால் சராசரியாக 0.65 டிகிரி குறையும் என்று கணக்கிட்டால், கீழே மைனஸ் 2 இருக்கும்போது மேலே மைனஸ் 10 வரும். அதோடு மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால் முகத்துக்கு அது மைனஸ் 20 போலத்தான் இருக்கும்.

முன்னறிவிப்பைக் கணினியில் கணக்கிடும் வானிலை மாதிரிகள் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சராசரி உயரத்தை எடுத்துக்கொள்கின்றன. மலைமுகடும் பள்ளத்தாக்கும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடும் என்பதால் ஊர்ப் பெயருக்கு வரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. விண்டி போன்ற செயலியில் அழுத்த மட்டத்தை மாற்றிப் பாருங்கள். ஹெக்டோபாஸ்கல் என்பது காற்றழுத்த அலகு. 700 ஹெக்டோபாஸ்கல் சுமார் 3,000 மீட்டர், அதாவது கொங்டூரியை ஒட்டிய உயரம். 600 ஹெக்டோபாஸ்கல் சுமார் 4,200 மீட்டர், அஃபர்வத் உச்சியை ஒட்டியது. காற்றையும் வெப்பத்தையும் இந்த இரண்டு மட்டங்களிலும் குறித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் ‘நாட்’ (knot) என்ற அலகில் இருக்கிறதா, கிலோமீட்டரில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 20 நாட் என்பது மணிக்கு 37 கிலோமீட்டர்.

காஷ்மீரின் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வரும் காற்றழுத்தத் தாழ்வு அது. வந்து சேர நாள்கள் பிடிப்பதால் நாலைந்து நாள் முன்பே தடயம் தெரியும். ஆனால் எவ்வளவு பனி விழும் என்பதை இரண்டு நாளுக்கு முன் எந்த மாதிரி சொன்னாலும் உறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பிய மாதிரியையும் ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றைச் சொன்னால் நம்பலாம். ஒன்று 10 மில்லிமீட்டரும் மற்றொன்று 40-ம் சொன்னால் திட்டத்தைத் தளர்வாக வைத்துக்கொண்டு, ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிவிப்புக்குக் காத்திருங்கள்.

மில்லிமீட்டரைப் பனியாக மாற்ற ஓர் எளிய கணக்கு உண்டு: ஒரு மில்லிமீட்டர் நீருக்கு ஒரு சென்டிமீட்டர் பனி. மைனஸ் 10-ஐ ஒட்டிய குளிரில் அதே ஒரு மில்லிமீட்டர் ஒன்றரை சென்டிமீட்டர் வரை உப்பலாகக் கிடக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டி விழுந்தால் அரை சென்டிமீட்டர் கூடத் தேறாது, ஸ்கீயும் ஒட்டிப் பிடிக்கும். பனி எந்த உயரத்தில் மழையாக மாறும் என்பதற்கு உறைநிலை உயரத்தை, அதாவது வெப்பநிலை பூஜ்ஜியமாகும் உயரத்தைப் பாருங்கள். பொதுவாக அதற்கு 200 முதல் 300 மீட்டர் கீழே வரை பனியாகவே இறங்கும். உறைநிலை 2,900 என்று இருந்தால் புல்வெளியில் ஈரப்பனியோ மழையோதான், கொங்டூரிக்கு மேலே நல்ல பனி. 2,300 என்றால் கீழிருந்து குல்மார்க்குக்கு ஏறிவரும் தங்மார்க் சாலையிலும் பனி நிற்கும். அப்போது சங்கிலி மாட்டிய வண்டியோ நாலு சக்கர இயக்க வண்டியோ இல்லாமல் மேலே விடமாட்டார்கள்.

இனி காற்று. எத்தனை சென்டிமீட்டர் விழுந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் நாளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்றுதான். மணிக்கு 25, 30 கிலோமீட்டரைத் தாண்டினாலே உலர்ந்த புதுப்பனி நகரத் தொடங்கும். காற்றடிக்கும் பக்கம் சுரண்டப்பட்டுக் கெட்டியாகும், முகட்டுக்கு மறுபக்கம் குவியும். தென்மேற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வீசும்போது அஃபர்வத் முகட்டுக்குப் பின்னாலிருந்து பனி அள்ளப்பட்டு, நீங்கள் சறுக்கப்போகும் கோண்டோலாப் பக்கத்துச் சரிவில் வந்து படியும். கீழே 20 சென்டிமீட்டர் அளந்த நாளில் அங்கே அதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். பார்க்க ஆசையாக இருக்கும் அந்தப் படிவு பலகையாக இறுகியிருக்கும், ஓர் ஆள் பாரத்தில் மொத்தமாக உடைந்து இறங்கக்கூடியது. பனிப்பலகை உடைவதெல்லாம் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான், நல்ல சறுக்குச் சரிவுகளும் அதே சாய்வுதான். செல்பேசியில் சாய்வுமானி செயலியைத் திறந்து, சரிவில் கிடத்திய சறுக்குக் கோல்மேல் வைத்தால் சாய்வு தெரிந்துவிடும். ஆபத்தில்லாத இடத்தில் நின்று அளக்க வேண்டும்.

அடியில் என்ன இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். டிசம்பர் 21-இல் தொடங்கும் சில்லை கலான் நாற்பது நாளில் பனி குறைவாக விழுந்து வானம் தெளிவாகவே இருந்தால், மெல்லிய பனிப்படலம் உள்ளுக்குள்ளேயே உருமாறி, கையில் எடுத்தால் சர்க்கரை போல உதிரும் மணிகளாகிவிடும். அவை ஒன்றோடொன்று ஒட்டாது. அதன்மேல் பெரும்பனி விழுந்தால் தாங்காது, வாரக்கணக்கில் அந்த ஆபத்து இருக்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடந்தது. பிப்ரவரியில் தொடர்ந்து கனத்த பனி விழுந்தது. 22-ஆம் தேதி, ரோந்துக் குழு கவனிக்கும் எல்லைக்கு வெளியே நடந்த பனிச்சரிவில் ஒரு ரஷ்யச் சறுக்கர் இறந்தார். ஆகவே நேற்றைய பனியை மட்டும் பார்க்காமல், அந்தப் பருவம் முழுக்க என்ன விழுந்தது என்று உள்ளூர் கைடிடம் கேளுங்கள்.

காலையில் கோண்டோலா நிலையத்தில் பனிச்சரிவு அபாய அளவைப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை உள்ள அளவில் மூன்றைப் பலரும் ‘நடுத்தரம்தானே’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. மூன்றில் ஓர் ஆளின் பாரமே பனிச்சரிவைக் கிளப்பிவிடலாம், ஐரோப்பாவில் அதிகம் பேர் இறப்பதும் மூன்றில்தான். இரண்டாம் கட்டம் மூடியிருந்தால் காரணம் காற்றாகவோ, ரோந்துக் குழு இன்னும் சரிவைப் பாதுகாப்பாக்காததாகவோ இருக்கும். சுற்றிக்கொண்டு மேலே ஏறாதீர்கள். எல்லைக்கு வெளியே போகிறவர்கள் ஒவ்வொருவரும் டிரான்ஸீவர் (புதைந்தவரின் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் ஆய்வுக்கோல், மண்வாரி மூன்றையும் வைத்திருக்க வேண்டும். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து உதவி வர அதைவிட நேரமாகும்.

சரிவில் இறங்கிய பிறகு காலடியைக் கவனியுங்கள். ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ, சமதளத்தில் ‘தொம்’ என்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, எதிரே புதிதாக ஏதாவது சரிந்திருந்தாலோ செங்குத்தான இடங்களை அன்றைக்கு விட்டுவிடுங்கள். முன்னறிவிப்பு என்ன சொன்னாலும் இவைதான் கடைசி வார்த்தை. மேகம் இறங்கிவிட்டால் நிழல் தெரியாது, மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். அப்போது கொங்டூரிக்குக் கீழே ஃபிர் மரக் காட்டுக்குள் வந்துவிடுங்கள், மரங்கள் கண்ணுக்குப் பிடிமானம் தரும். மஞ்சள் அல்லது ரோஜா நிறக் கண்ணாடி மாட்டினால் இன்னும் கொஞ்சம் தெரியும்.

மார்ச்சில் கணக்கே வேறு. இரவு உறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உறைந்திருந்தால் அதிகாலையில் பனியின் மேல்ஓடு கல்லாக இருக்கும், வெயில் ஏற ஏற மேலே ஓரிரு சென்டிமீட்டர் இளகும். அந்த வேளைதான் சறுக்க மிக நல்லது. கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. பனியைக் கையுறையில் எடுத்துப் பிடியுங்கள். உருண்டையாக நின்றால் சரி. பிழிந்து நீர் சொட்டினாலோ, பூட்ஸ் கணுக்கால் வரை புதைந்தாலோ நேரம் தாண்டிவிட்டது, அந்தச் சரிவை விட்டு இறங்கிவிடுங்கள். இரவு மேகம் மூடி உறையாமலே விடிந்திருந்தால் காலை எட்டு மணிக்கே அந்த நிலைதான்.